எட்டிக்கொட்டை விஷத்தில் கதவு சாத்தும் சத்தத்துக்கே உடம்பு விறைப்பது ஏன்?

வயக்காட்டான்:
எல்லோருக்கும் வணக்கம். எங்கள் தெரு நாய் ஒன்று எலிக்கு வைத்திருந்த எதையோ தின்றுவிட்டு நான்கு காலும் விறைத்து விழுந்துவிட்டது. கால்நடை டாக்டர் பார்த்துவிட்டு ஸ்ட்ரிக்னினாக இருக்கலாம், எட்டிக்கொட்டையில் இருக்கிற அதே விஷம்தான் என்றார். ஊசி போட்ட கையோடு அவர் சொன்னது, மின்விசிறியை நிறுத்துங்கள், ஜன்னலை மூடுங்கள், யாரும் பேசவும் வேண்டாம் தொடவும் வேண்டாம் என்று. அது உண்மைதான், யாராவது கதவைச் சாத்தினால் போதும், தலை பின்னால் போய் முதுகு வில்லாக வளைந்துவிடும். நடுநடுவே கண்ணைத் திறந்து நம்மையே பார்க்கிறது, நினைவு தப்பவில்லை. (நாய் பிழைத்துவிட்டது, யாரும் கவலைப்பட வேண்டாம்.)

என் கேள்வி இதுதான். விஷம் நரம்பைத் தூண்டுகிறது என்றால் சத்தமே இல்லாமலும் இழுக்க வேண்டும்தானே? எதற்குச் சத்தத்துக்காகக் காத்திருக்கிறது? மூளையைத் தாக்குகிறது என்றால் நினைவு மட்டும் எப்படிப் போகாமல் இருக்கிறது?

பிப்பெட் கந்தசாமி:
ஸ்ட்ரிக்னின் எந்த நரம்பையும் தூண்டுவதே இல்லை, அதனால்தான் காத்திருக்கிறது.

தண்டுவடத்தின் முன்பக்கச் சாம்பல் பகுதியில் மோட்டார் நியூரான்கள் என்கிற நரம்புச் செல்கள் இருக்கின்றன. தசைக்குக் கட்டளை போவது இங்கேயிருந்துதான். ஒவ்வொரு மோட்டார் நியூரான் மேலும் ஆயிரக்கணக்கான நரம்பு முனைகள் வந்து ஒட்டிக்கொண்டிருக்கும். அதில் ஒரு பகுதி “கிளம்பு” என்கிறது, இன்னொரு பகுதி “சும்மா இரு” என்கிறது. தண்டுவடத்தில் “சும்மா இரு” என்று சொல்லப் பெரும்பாலும் பயன்படுகிற வேதிப்பொருள் கிளைசின். கூடவே காபா என்கிற இன்னொரு அடக்கும் பொருளும் உண்டு. கிளைசின் வந்து செல்லின் மேல் தனக்கென்று இருக்கிற புரதத்தில், அதாவது ஏற்பியில், உட்கார்ந்தால் ஒரு வாசல் திறந்து குளோரைடு அயனி உள்ளே போகும். ஓய்வில் மைனஸ் 70 மில்லிவோல்ட் அளவில் இருக்கிற செல் அதனால் இன்னும் சில மில்லிவோல்ட் கீழே இறங்கும், அல்லது இருந்த இடத்திலேயே பிடித்து நிறுத்தப்படும். இரண்டில் எது நடந்தாலும் அதை உசுப்புவது கஷ்டம்.

ஸ்ட்ரிக்னின் செய்வது, கிளைசின் உட்கார வேண்டிய இடத்தில் தான் போய் உட்கார்ந்துகொள்வது. வாசலைத் திறக்காது, கிளைசினையும் விடாது. அவ்வளவுதான் அதன் வேலை. இப்போது கதவு சாத்தும் சத்தம் காதில் விழுகிறது. அந்தச் செய்தி மூளைத்தண்டு வழியாகத் தண்டுவடத்துக்கு இறங்குவது எல்லோருக்கும் நடப்பதுதான், நீங்களும் நானும் லேசாகத் திடுக்கிட்டுவிட்டு வேலையைப் பார்ப்போம். தடுக்க ஆளில்லாத தண்டுவடத்தில் அதே செய்தி எல்லாத் தசைக்கும் ஒரே நேரத்தில் பரவிவிடுகிறது. மடக்கும் தசையும் நீட்டும் தசையும் ஒன்றாக இறுகும்போது பலசாலி ஜெயிக்கும். முதுகிலும் காலிலும் நம்மை நிமிர்த்தி நிற்க வைக்கிற நீட்டும் தசைகள்தான் பலசாலி, ஆகவே வில்லு. செய்தி எதுவும் வராத இருட்டறையில் பரப்புவதற்கு ஒன்றும் இல்லாததால் உடம்பு ஓரளவு அமைதியாக இருக்கும்.

நினைவு ஏன் போவதில்லை? பெருமூளையில் அடக்கும் வேலை பெரும்பாலும் காபா கையில் இருக்கிறது. ஸ்ட்ரிக்னின் அதை அவ்வளவாகத் தொடுவதில்லை. அதனால் நோயாளி எல்லாவற்றையும் உணர்ந்துகொண்டே அவதிப்படுவார். கால்கை வலிப்பில் நினைவு போய்விடுவது ஒருவகைக் கருணை என்றுகூடத் தோன்றும்.

மாட்டாஸ்பத்திரி:
அந்த டாக்டர் செய்தது சரி. நாங்கள் காதில் பஞ்சு வைப்பதும் உண்டு. எல்லோருக்கும் ஒன்று சொல்லிவிடுகிறேன்: விறைப்பு ஆரம்பித்த பிறகு உப்புத்தண்ணீர் ஊற்றி வாந்தி எடுக்க வைக்காதீர்கள். வாயைத் தொட்டதுமே அடுத்த இழுப்பு வரும், தண்ணீர் நுரையீரலுக்குப் போகும். சாவு வருவது மூச்சுத் தசைகள் இறுகிப்போவதால்தான். விறைப்பை மருந்தால் அடக்கி மூச்சைக் காப்பாற்றிவிட்டால் உடம்பே மெல்ல விஷத்தை வெளியேற்றிவிடும்.

கரிசல்மண்:
எட்டிப்பழத்தை மரத்தில் பார்த்திருக்கிறீர்களா? நல்ல ஆரஞ்சு நிறம், உருண்டை, பார்த்தால் கையில் எடுக்கத் தோன்றும். உடைத்தால் உள்ளே வெளிறிய சதை, அதற்குள் பெரிய பொத்தான் அளவில் தட்டையான சாம்பல்நிறக் கொட்டைகள். விரலால் தடவினால் பட்டுப்போல் மயிர் படிந்திருக்கும். “எட்டி பழுத்தென்ன ஈயாதார் வாழ்ந்தென்ன” என்று சும்மாவா சொன்னார்கள்!

சித்தவழி:
எட்டிக்கொட்டையை வெறும் விஷம் என்று தள்ளிவிட வேண்டாம் ஐயா. சுத்தி செய்த கொட்டையை வாத நோய்களுக்கு நம் வைத்தியத்திலும் ஆயுர்வேதத்திலும் காலங்காலமாகக் கொடுத்து வருகிறார்கள். கோமியத்தில் ஊறவைத்து, பாலில் வேகவைத்து, தோலையும் நடுவில் இருக்கிற முளையையும் நீக்கி, நெய்யில் வறுத்து எடுக்கும் முறைகள் இருக்கின்றன. செயலிழந்த கைகாலுக்கு உணர்ச்சி வரவே அதைக் கொடுத்தார்கள்.

பிப்பெட் கந்தசாமி:
சித்தவழி ஐயா, சுத்தி செய்தால் ஸ்ட்ரிக்னினும் அதோடு கொட்டையில் இருக்கிற புரூசின் என்ற இன்னொரு விஷமும் குறைகின்றன என்பது ஆய்வகத்தில் அளந்து பார்த்த விஷயம்தான், மறுக்கவில்லை. குறைகிறது, தீர்ந்துபோவதில்லை. எவ்வளவு மீந்திருக்கிறது என்பது செய்தவர் கையைப் பொறுத்து மாறும். மருந்தாகும் அளவுக்கும் கொல்லும் அளவுக்கும் நடுவில் இடைவெளி ரொம்பக் குறுகல் என்பதால்தான் எனக்குப் பயம். இந்த இழையைப் படித்துவிட்டு யாரும் வீட்டில் கொட்டையை ஊறப்போட வேண்டாம்.

மேற்கத்திய மருத்துவமும் இதில் யோக்கியமில்லை. பிரான்சில் பெலத்தியேவும் காவந்துவும் 1818இல் ஸ்ட்ரிக்னினைப் பிரித்தெடுத்த பிறகு நூறு வருஷத்துக்கும் மேலாக அதை டானிக் என்று குடிக்கக் கொடுத்தார்கள். 1904 செயின்ட் லூயிஸ் ஒலிம்பிக் மாரத்தானில் தாமஸ் ஹிக்ஸ் ஓடமுடியாமல் தள்ளாடியபோது முட்டை வெள்ளைக்கருவோடு ஸ்ட்ரிக்னின் கொடுத்தார்கள், அப்புறம் பிராந்தியும். ஆள் எல்லைக்கோட்டைத் தாண்டித் தங்கம் வாங்கினார், செத்துப்போயிருக்கவும் வாய்ப்பிருந்தது. அந்தக் காலத்தில் அது விதிமீறலே இல்லை என்பது வேறு கதை.

வேலைவெட்டி இல்லாதவன்:
இது தண்டுவடத்தில்தான் வேலை செய்கிறது என்று எப்படிக் கண்டுபிடித்தார்கள்? அந்தக் காலத்தில் கருவி ஒன்றும் கிடையாதே.

பிப்பெட் கந்தசாமி:
கத்தியும் குச்சியும்தான் கருவி. 1809இல் பிரான்சுவா மஜாந்தி, ஜாவாத் தீவில் அம்பு முனையில் தடவுகிற ஒரு விஷத்தை எடுத்துக்கொண்டார். எட்டியின் உறவுக்காரத் தாவரத்திலிருந்து வருவது அது. மிருகத்துக்குக் கொடுத்துவிட்டு மூளைக்கும் தண்டுவடத்துக்கும் உள்ள தொடர்பை அறுத்துப் பார்த்தார், விறைப்பு நிற்கவில்லை. தண்டுவடத்துக்குள் குச்சியை விட்டு அதை அழித்தார், நின்றுவிட்டது. படிக்கவே வயிற்றைப் பிசையும், ஆனாலும் ஒரு வேதிப்பொருள் உடம்பில் எந்த உறுப்பில் வேலை செய்கிறது என்று சோதனை வழியாகக் காட்டிய முதல் சில ஆய்வுகளில் அது ஒன்று.

எப்படி வேலை செய்கிறது என்பதற்கு இன்னும் நூற்றைம்பது வருஷம் ஆனது. நரம்புக்கு நரம்பு செய்தி போவது மின்சாரத்தாலா வேதிப்பொருளாலா என்று பெரிய சண்டை. ஜான் எக்கிள்ஸ் மின்சாரக் கட்சியின் தலைவர். நியூசிலாந்தில் டனீடன் நகரில் 1951இல் அவரும் கூட்டாளிகளும் மெல்லிய கண்ணாடிக் குழாயைப் பூனையின் மோட்டார் நியூரானுக்குள்ளேயே செருகி அளந்தார்கள். அடக்கும் நரம்பைத் தூண்டியபோது செல்லின் மின்னழுத்தம் இன்னும் எதிர்மறைப் பக்கம் போனது. அவருடைய மின்சாரக் கொள்கைப்படி அப்படிப் போகக்கூடாது. அன்றோடு மனிதர் கட்சி மாறினார். 1963இல் நோபல் கிடைத்தது.

அந்த வேதிப்பொருள் கிளைசின்தான் என்று ஒப்புக்கொள்ள மேலும் பத்துப் பதினைந்து வருஷம். எல்லாப் புரதத்திலும் கிடக்கிற சாதாரண அமினோ அமிலத்துக்கு இவ்வளவு பெரிய உத்தியோகமா என்று யாரும் நம்பவில்லை. 1960களில் அமெரிக்காவில் இண்டியானா பல்கலைக்கழகத்தில் ஏப்ரிசனும் வெர்மனும் பூனையின் தண்டுவடத்தைப் பகுதி பகுதியாக வெட்டி அளந்தார்கள். சாம்பல் பகுதியில் கிளைசின் குவிந்து கிடந்தது. தண்டுவடத்துக்குப் போகும் ரத்தத்தைக் கொஞ்ச நேரம் நிறுத்தினால் நியூரான்களுக்கு நடுவில் செய்தி கடத்துகிற இடைநியூரான்கள் முதலில் சாகும், அவை செத்த அளவுக்குக் கிளைசினும் குறைந்திருந்தது. ஆஸ்திரேலியாவில் டேவிட் கர்டிஸ் குழு கிளைசினையும் ஸ்ட்ரிக்னினையும் நுண்குழாய் வழியாக ஒரே நியூரான் மேல் சொட்டுவிட்டுப் பார்த்தது: ஸ்ட்ரிக்னின் கிளைசினை மறித்தது, காபாவை விட்டுவிட்டது. விஷம் இல்லாவிட்டால் இந்த வழக்கு முடிந்தேயிருக்காது. 1982இல் ஏற்பியைப் பிரித்தெடுத்தபோதும் ஸ்ட்ரிக்னினைத் தூண்டிலாக வைத்துத்தான் எலித் தண்டுவடச் சாற்றிலிருந்து பிடித்தார்கள்.

இரவுப்பணி:
நான் ஐசியூவில் நர்ஸ். இதைப் படிக்கும்போது எனக்கு ரணஜன்னி (டெட்டனஸ்) நோயாளிகள்தான் ஞாபகம் வருகிறார்கள். அதே வளைவு, அதே நினைவு, அதே இருட்டறை. சளி உறிஞ்சக் குழாயை வாயருகே கொண்டுபோனாலே தாடை பூட்டிக்கொள்ளும். பக்கத்துப் படுக்கை பம்ப் அலாரம் அடித்தால் இவர் வளைவார். அதனால் கைபடும் வேலை எல்லாவற்றையும் சேர்த்து வைத்து, மருந்து ஏறியிருக்கும் நேரமாகப் பார்த்து ஒரே தடவையில் முடித்துவிடுவோம். இரண்டும் ஒரே விஷமா?

பிப்பெட் கந்தசாமி:
வேறு வேறு, ஆனால் இரண்டும் கைவைப்பது ஒரே இடத்தில் சிஸ்டர். ஆணி குத்திய காயத்தில் வளரும் கிருமி டெட்டனஸ் நச்சை விடுகிறது. அது தசையருகே உள்ள நரம்பு முனையில் நுழைந்து, நரம்பு இழைக்குள்ளேயே பின்னோக்கிப் பயணம் செய்து தண்டுவடத்தை அடைகிறது. அங்கே மோட்டார் நியூரானை விட்டுவிட்டு, அதை அடக்குகிற பக்கத்து நரம்பு முனைக்குத் தாவுகிறது. உள்ளே போய் சினாப்டோபிரெவின் என்ற புரதத்தை வெட்டிவிடும். அந்தப் புரதம் இல்லாமல் கிளைசின், காபா பொதிந்த பைகள் வெளியே கொட்ட முடியாது. வெட்டுகிறது என்பது 1992இல்தான் தெளிவானது.

ஸ்ட்ரிக்னினில் கிளைசின் வருகிறது, உட்கார இடமில்லை. டெட்டனஸில் இடமிருக்கிறது, கிளைசின் வருவதில்லை. படுக்கையில் கிடப்பவரைப் பார்த்தால் வித்தியாசம் சட்டென்று தெரியாது. கால அளவில் தெரியும்: ஸ்ட்ரிக்னின் ஒன்றிரண்டு நாளில் உடம்பை விட்டுப் போகும், டெட்டனஸ் வெட்டிய முனை சரியாக வாரக்கணக்கில் ஆகும். நரம்புக்குள் நுழைந்துவிட்ட நச்சை எதிர்நச்சு ஊசி எட்டாது, ரத்தத்தில் மிச்சமிருப்பதைத்தான் பிடிக்கும்.

சரி, அதே மாதிரி புரதத்தை வெட்டுகிற பொட்டுலினம் நச்சு ஏன் ஆளைத் துவள வைக்கிறது என்று யாராவது கேட்பதற்குள் சொல்லிவிடுகிறேன். அது தண்டுவடம் வரை வராமல் தசைக்குப் பக்கத்திலேயே தங்கி, தசையை இயக்கும் முனையை முடக்குகிறது.

இரவுப்பணி:
நன்றி சார். தொப்புள்கொடியை அழுக்குக் கத்தியால் அறுத்து வரும் ரணஜன்னியை இந்தியா 2015இல் ஒழித்துவிட்டதாக அறிவித்தார்கள். கர்ப்பிணிகளுக்குப் போட்ட டி.டி. என்கிற டெட்டனஸ் தடுப்பூசியும், பிரசவம் ஆஸ்பத்திரிக்கு வந்ததும்தான் காரணம். வயலில் வேலை செய்கிற பெரியவர்கள்தான் இப்போது வருகிறார்கள். பூஸ்டர் போட்டு எத்தனை வருஷம் ஆகிறது என்று கேட்டால் சிரிக்கிறார்கள்.

ஊசிக்காரர்:
மயக்கவியல் ஆள் வந்தாச்சு. இரண்டு விஷயம் சேர்க்கிறேன்.

ஒன்று, விறைப்பை அடக்கக் கொடுக்கிற டயஸிபாம் கிளைசின் ஏற்பியில் வேலை செய்வதில்லை, காபாவுக்குத்தான் கைகொடுக்கும். ஆனாலும் இரண்டு விஷத்திலும் அது உதவுகிறது. காரணம், தண்டுவடத்தில் காபா என்கிற இரண்டாவது காவலாளி இருக்கிறார், அவரைப் பலப்படுத்துகிறோம். போதாவிட்டால் தசையைத் தளர்த்தி வென்டிலேட்டரில் போடுவோம்.

இரண்டாவது, கத்தி பட்டதும் நோயாளி கையை இழுக்காமல் இருக்க இவ்வளவு மயக்க வாயு தேவை என்று ஒரு கணக்கு வைத்திருக்கிறோம். மூளை தூங்குவதால் அசையவில்லை என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். 1993இல் எலியின் முன்மூளையை எடுத்துவிட்டு அளந்தால் அதே அளவு வாயுதான் தேவைப்பட்டது. ஆட்டில் மூளைக்கு மட்டும் வாயு போகும்படி ரத்த ஓட்டத்தைப் பிரித்தால் அசைவை நிறுத்த ரெண்டு மடங்குக்கும் மேல் வாயு வேண்டியிருந்தது. ஆக அசையாமல் வைத்திருப்பது பெரும்பாலும் தண்டுவடத்தின் வேலை. ஐசோஃப்ளூரேன் மாதிரி வாயுக்கள் கிளைசின் ஏற்பிக்கும் வலு சேர்க்கின்றன, ஸ்ட்ரிக்னினுக்கு நேர் எதிர்த்திசை. அது மட்டுமே காரணம் இல்லை, வேறு ஏற்பிகளும் இதில் இருக்கின்றன.

ஜிம்பாடி:
அப்ப கிளைசின் பவுடர் வாங்கிச் சாப்பிட்டால் தசைப்பிடிப்பு போகுமா? இப்போது எல்லா கொலாஜன் டப்பாவிலும் கிளைசின் என்று போட்டிருக்கிறதே.

ஊசிக்காரர்:
தம்பி, ரத்தத்திலிருந்து தண்டுவடத்துக்கு அது அவ்வளவு சுலபமாகப் போகாது. போனாலும் சைனாப்ஸ் என்கிற நரம்புச் சந்திப்பைச் சுற்றி அதை உறிஞ்சி எடுக்கிற பம்புகள் ஓயாமல் வேலை செய்கின்றன. ஆனால் ரத்தத்தில் ஏகமாக ஏறினால் என்ன ஆகும் என்று எங்களுக்குத் தெரியும். புராஸ்டேட்டைச் சிறுநீர்க்குழாய் வழியாகச் சுரண்டும் ஆபரேஷனில் கழுவுவதற்கு 1.5 சதவீதக் கிளைசின் கரைசலைப் பயன்படுத்துவது வழக்கம். திறந்த ரத்தக்குழாய் வழியாக அது லிட்டர் கணக்கில் உள்ளே போய்விட்டால் பெரிய ஆபத்து சோடியம் குறைவதுதான். கூடவே சிலருக்குக் கொஞ்ச நேரம் கண் தெரியாமல் போகும். விழித்திரையிலும் அடக்கும் வேலையைக் கிளைசின் செய்கிறது. “டாக்டர், லைட்டை ஏன் அணைச்சீங்க” என்று ஒரு பெரியவர் கேட்டால் எங்களுக்குத்தான் முதலில் வியர்க்கும். சில மணி நேரத்தில் பார்வை திரும்பிவிடும்.

நடைவண்டி:
எல்லோரும் தடுப்பது, அடக்குவது என்றே பேசிக்கொண்டிருக்கிறீர்கள். எனக்கு அதில் ஒரு குறை. நான் தண்டுவடத்தின் நடைச் சுற்றுகளைப் படிப்பவன். கிளைசினின் பாதி வேலை அசைவை உருவாக்குவது.

பிறந்து சில நாளே ஆன எலிக்குட்டியின் தண்டுவடத்தை எடுத்து, ஆக்சிஜன் ஏற்றிய உப்புக்கரைசலில் ஒரு சின்னத் தொட்டியில் வைப்போம். மூளை கிடையாது, கால் கிடையாது, தசையும் கிடையாது. தண்டுவடத்திலிருந்து காலுக்குக் கட்டளை கொண்டுபோகும் நரம்புகளான முன்வேர்களின் அறுபட்ட முனையைக் கண்ணாடிக் குழாயில் உறிஞ்சிப் பிடித்துத் திரையில் பார்த்தால் ஒன்றும் இல்லை, தட்டைக் கோடு. இப்போது கரைசலில் செரட்டோனினும், “கிளம்பு” என்று சொல்கிற வேதிப்பொருளான குளுட்டமேட்டின் ஏற்பியைத் தூண்டும் என்.எம்.டி.ஏ.வும் கலக்கிறோம். கொஞ்ச நேரத்தில் இடது வேரில் மின்துடிப்புகள் ஒரு கொத்து, அடங்கியதும் வலது வேரில் ஒரு கொத்து, மறுபடி இடது. மடக்கும் தசையின் வேரும் நீட்டும் தசையின் வேரும் அதேபோல் மாறி மாறி. நடக்க யாருமே இல்லாத இடத்தில் நடை மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். முதல் தடவை பார்க்கிற மாணவர்கள் எல்லோரும் கொஞ்ச நேரம் பேச்சில்லாமல் நிற்பார்கள்.

அதே கரைசலில் ஸ்ட்ரிக்னின் விடுங்கள். தாளம் நிற்காது. இடதும் வலதும் ஒன்றாகக் கிளம்பும், ஒன்றாக அடங்கும். மாறி மாறி வந்த நடை, இரண்டு பக்கமும் சேர்ந்து அடிக்கிற துள்ளலாகிவிடும். அதாவது தாளம் போடுவது தூண்டும் நியூரான்கள். இது உன் முறை இல்லை, அவன் முறை என்று பிரித்துக் கொடுப்பது கிளைசின். முழங்காலுக்குக் கீழே சுத்தியலால் தட்டும்போது முன்தொடை இறுகுவதைத்தான் பார்க்கிறோம், அதே நேரத்தில் பின்தொடை நியூரானுக்குக் கிளைசின் போய் அதைத் தளர்த்தாவிட்டால் கால் எழும்பாது, விறைத்துத்தான் நிற்கும். வயக்காட்டான் பார்த்த நாய்க்கு நடந்ததும் அதுதான். முறை பிரித்துக் கொடுக்க ஆளில்லை.

இன்னொன்று, இதே கிளைசின் கருவில் இருக்கும் குட்டியின் நியூரானைத் தூண்டும்! அந்த வயதில் செல்லுக்குள் குளோரைடு அதிகம், வாசல் திறந்தால் உள்ளே வருவதற்குப் பதில் வெளியே போகும். பிறப்பையொட்டி கே.சி.சி.2 என்ற பம்ப் வந்து குளோரைடை வெளியே தள்ள ஆரம்பித்த பிறகுதான் கிளைசின் அடக்கும் பொருளாகிறது.

பச்சிளங்குருத்து:
குழந்தை மருத்துவம் பக்கமிருந்து ஒரு வரி. விஷமே இல்லாமல் இது நடக்கும். கிளைசின் ஏற்பியின் மரபணுவிலேயே பிழையோடு பிறக்கும் குழந்தைகளுக்கு மூக்கு நுனியில் விரலால் தட்டினாலே உடம்பு விறைக்கும். வலிப்பு என்று நினைத்து வருவார்கள். அரிதான நோய், மரபணுப் பிழை 1993இல் தெரிந்தது. விறைத்து மூச்சு நின்றால் தலையையும் காலையும் வயிற்றுப் பக்கமாக மடக்கிப் பிடிக்கச் சொல்லிக் கொடுப்போம், விட்டுவிடும். குளோனஸிபாம் மருந்துக்கு நன்றாகக் கேட்கும்.

கோவைக்காரி:
ரொம்ப நாளாகப் படித்துக்கொண்டே இருப்பவள், முதல் தடவை எழுதுகிறேன். என் தம்பிக்கு விபத்தில் முதுகில் அடிபட்டு இடுப்புக்குக் கீழே செயல் இல்லை. செயலே இல்லாத காலுக்கு இறுக்கம் மட்டும் எங்கிருந்து வருகிறது என்று எங்களுக்குப் புரியவே இல்லை, போர்வை உரசினாலே கால் துள்ளுகிறது. இறுக்கத்துக்குப் பேக்லோஃபென் மாத்திரை கொடுக்கிறார்கள். இதுவும் கிளைசின் கதைதானா? மாத்திரையால் பகலெல்லாம் தூக்கமாக வருகிறது என்று தம்பி நிறுத்திவிடலாம் என்கிறான்.

நடைவண்டி:
அக்கா, அடிபட்ட இடத்துக்குக் கீழே தண்டுவடம் உயிரோடுதான் இருக்கிறது. மூளையிலிருந்து வரும் கட்டளையும் கட்டுப்பாடும் அறுந்துவிட்டன, உள்ளூர்ச் சுற்றுகள் தனியாக ஓடுகின்றன. கூடவே நான் மேலே சொன்ன அந்த கே.சி.சி.2 பம்ப் அடிபட்ட பிறகு மோட்டார் நியூரான்களில் குறைந்துவிடுகிறது என்று எலிகளில் 2010இல் காட்டினார்கள். குளோரைடு உள்ளே தேங்கினால் கிளைசினும் காபாவும் வந்தும் பலன் பாதிதான். போர்வை உரசலே பெரிய செய்தியாகிவிடும்.

பேக்லோஃபென் காபா-பி என்ற வேறு ஏற்பியைப் பிடிக்கிறது, அதற்குக் குளோரைடே தேவையில்லை. தசையிலிருந்து செய்தி கொண்டுவரும் நரம்பு முனையில் கால்சியம் நுழைவதைக் குறைக்கும், அதனால் அங்கே கொட்டுகிற குளுட்டமேட் குறையும். பம்ப் கெட்டுப்போன தண்டுவடத்திலும் அது வேலை செய்ய இது ஒரு காரணமாக இருக்கலாம் என்பது என் ஊகம்.

ஊசிக்காரர்:
கோவைக்காரி, முதலில் இதைத் தம்பியிடம் சொல்லுங்கள்: பேக்லோஃபெனை ஒரே நாளில் நிறுத்தக்கூடாது. மாதக்கணக்கில் சாப்பிட்டு சட்டென்று விட்டால் இறுக்கம் முன்னைவிட மோசமாகத் திரும்பும், இல்லாதது கண்ணுக்குத் தெரியும், வலிப்பு வரும், காய்ச்சல் ஏறும், உயிருக்கே ஆபத்தாகலாம். ஊருக்குப் போகும்போது மாத்திரை தீர்ந்துபோகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

தூக்கம் வருவது மருந்து மூளைக்கும் போவதால். அளவை மெல்லக் குறைக்கலாமா, நேரத்தை மாற்றலாமா, இறுக்கத்தைக் குறைக்கும் இன்னொரு மருந்தான டிஸானிடின் சேர்க்கலாமா என்று மறுவாழ்வு மருத்துவரிடம் கேளுங்கள். மாத்திரை ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு வயிற்றுத் தோலுக்கடியில் சின்ன பம்ப் வைத்து மெல்லிய குழாய் வழியாகத் தண்டுவட நீரிலேயே விடும் முறை 1980களிலிருந்து இருக்கிறது. மாத்திரையில் மில்லிகிராம் கணக்கு, பம்பில் மைக்ரோகிராம் கணக்கு, அதனால் தூக்கம் குறையும். விலை அதிகம், சில மாதத்துக்கு ஒருமுறை ஊசியால் நிரப்ப வேண்டும், எல்லா ஊரிலும் செய்வதில்லை.

இறுக்கம் திடீரென்று கூடினால் மாத்திரையைக் குறை சொல்வதற்கு முன் சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், படுக்கைப்புண், உள்ளே வளைந்த கால்நகம் இதெல்லாம் இருக்கிறதா பாருங்கள். அவனுக்கு வலி தெரியாது, தண்டுவடத்துக்குத் தெரியும்.

கோவைக்காரி:
நகத்தை இப்போதுதான் பார்த்தேன் சார், இடது கட்டைவிரல் ஓரம் சிவந்து வீங்கியிருக்கிறது. நாளைக்குக் காலையில் கூட்டிப்போகிறோம். மாத்திரையை நிறுத்தவில்லை.